நெஞ்சுநோவும் நெஞ்சச்சமும்



நெஞ்சு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. விலா எலும்புகள் காவல் செய்ய, இதயம் இருந்து துடிக்கும் இடத்தை நெஞ்சு என்கிறோம். நினைப்பதும் ஏங்குவதும் அஞ்சுவதுமாகிய மனத்தையும் நெஞ்சு என்றே சொல்கிறோம். திருக்குறளின் காமத்துப்பாலிலே நெஞ்சொடு கிளத்தல் என ஓர் அதிகாரமும், நெஞ்சொடு புலத்தல் என மற்றோர் அதிகாரமும் உள. முன்னையது தன் நெஞ்சோடு தானே பேசுவது. பின்னையது தன் நெஞ்சோடு தானே பிணங்குவது. காதலர்க்கென வகுத்த அத்தலைப்புக்கள் இரண்டும் இன்று நான் எடுத்துக்கொண்ட நோயாளருக்கும் நன்கு பொருந்துகின்றன. நள்ளிரவிலே விழித்திருந்து, இடது மார்பிற் கையை வைத்துக்கொண்டு, “இது நின்றுவிடுமோ? ஏன் இப்படி அடிக்கிறது?” என்று தம் நெஞ்சோடு பேசியும் பிணங்கியும் பொழுது விடியுமட்டும் காத்திருப்போர் நம்மிடையே எத்தனை பேர்!

நான் வைத்தியன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் அரசினர் பாடசாலைகளிற் பணிபுரிந்து வருபவன். ஆயினும் ஓர் அதிபரின் அறைக்கு வரும் துன்பங்கள் பலவகைப்பட்டவை. லீவு விண்ணப்பத்தோடு வரும் ஆசிரியர், பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் தாய், பரீட்சைக்கு முதல்நாள் கண்கலங்கி நிற்கும் மாணவி ஆகிய இவர்களிடமெல்லாம் “நெஞ்சு படபடக்கிறது” என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அதன் பொருள் யாது என்று அறிய விரும்பினேன். வைத்தியர்களை வினாவியும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றேன்.

அஞ்சுவோருக்கு ஆறுதல் கூறப் புகுமுன்னர், அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருப்போருக்கு ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். மார்பின் நடுவிலே பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம் அல்லது இறுக்கம், அது இடது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் ஆகியன தோன்றினால், அது மாரடைப்பாக இருக்கக்கூடும். நம்மூரிலே இதற்கு ஒரு பெயர் ஆயத்தமாக இருக்கின்றது: “வாயு.” வாயு அடைத்துவிட்டது என்று சோடாவை உடைத்துக் குடிப்பர், ஓமத் தண்ணீர் அருந்துவர், முதுகைத் தடவச் சொல்வர், கண்ணூறு பட்டதென மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலிடுவர். ஓமத் தண்ணீரோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. அதற்குச் செலவாகும் ஒரு மணி நேரத்தோடுதான் பகை. அடைபட்ட முடியுருநாடியைத் திறப்பதற்குரிய சிகிச்சை எவ்வளவு விரைவிற் கிடைக்கின்றதோ அவ்வளவுக்கு இதயத்தசை பிழைக்கும். நீரிழிவுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் கடுமையான நோவு இல்லாமலே, வெறும் களைப்பாகவும் மூச்சு முட்டலாகவும் மாரடைப்பு வருதலுண்டு. இத்தகைய வேளையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால், 2016 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்கிவரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். நோவு மாரடைப்பா அன்றா என்று வீட்டுத் திண்ணையிலே இருந்து தீர்ப்புக் கூறுதல் எவருக்கும் தகாது.

“கோபம் வந்த நேரத்திலேதானே நெஞ்சு நொந்தது, ஆகையால் இது நரம்புத் தளர்ச்சிதான்” என்று சிலர் தாமே முடிவு கட்டுவர். அதுவும் பிழையான நியாயம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணராகிய ஜோன் ஹன்ரர் என்பவர் பல ஆண்டுகளாக நெஞ்சுநோவால் வருந்தினார். கோபமும் கவலையும் தமக்கு அந்நோவை எழுப்புவதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1793 ஆம் ஆண்டிலே, தாம் பணிபுரிந்த வைத்தியசாலையின் நிருவாகக் கூட்டத்தில் எழுந்த ஒரு வாக்குவாதத்தின் பின் அங்கேயே இறந்துபோனார். உடலைச் சோதித்தபோது இதயத்தின் நாடிகள் கடினமுற்றிருக்கக் காணப்பட்டன. உணர்ச்சி தூண்டிய நோவெல்லாம் உணர்ச்சியால் மட்டும் ஆன நோவு அன்று. ஆகவே முதன்முறை நெஞ்சு நொந்தவர், படபடப்போடு மயங்கி விழுந்தவர், ஓடும்போதோ படியேறும்போதோ நோவு காண்பவர், இளவயதிலே திடீரென இறந்தவர்களைக் குடும்பத்தில் உடையவர் ஆகிய யாவரும் வைத்தியரிடம் செல்லுதல் கடன்.

இனி மற்றையோரிடம் வருவோம். வைத்தியசாலைக்குச் சென்றார்கள். ஈ. சீ. ஜீ. எடுக்கப்பட்டது. சில மணி நேரம் இருத்தி மீண்டும் எடுத்தார்கள்; இதயத்தசை பழுதுற்றிருந்தாற் காட்டும் ட்ரோபொனின் என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். குருதிச்சோகை இல்லை, தைரொயிட் சுரப்பியிற் கோளாறில்லை. யாவும் செம்மை. வைத்தியர் நிமிர்ந்து பார்த்து, “உமக்கு ஒன்றுமில்லை, பயப்படாமல் வீட்டுக்குப் போம்” என்றார். வரிசையில் இன்னும் எண்பது பேர் நிற்கும்போது அதனினும் விரித்துச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை.

அந்த “ஒன்றுமில்லை” என்னும் சொல்லைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச விழைகின்றேன். இதய நோய் இல்லை என்னும் பொருளில் அது முற்றிலும் உண்மை. ஆனால் கேட்பவரின் செவியில் அது வேறுவிதமாக விழுகின்றது. “உமது நோவு பொய்” என்று விழுகின்றது. அல்லது “வைத்தியருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை” என்று விழுகின்றது. முன்னதாயின் நோயாளி நாணமடைந்து வாய்மூடுகின்றார். பின்னதாயின் மறுவாரமே வேறொரு நிபுணரைச் ‘சனல்’ செய்யப் புறப்படுகின்றார். நோவு மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கின்றது.

இந்த நோவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், பிலடெல்பியா நகரத்து இராணுவ வைத்தியசாலை ஒன்றிலே ஜேக்கப் மென்டிஸ் டா கொஸ்ரா என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். நெஞ்சுநோவு, படபடப்பு, மூச்சு முட்டல், தலைச்சுற்று, களைப்பு என்று முறையிட்ட போர்வீரர் பலர் அவரிடம் அனுப்பப்பட்டனர். இதயத்தைச் சோதித்தால் உறுப்பிலே பழுது காணவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட அத்தகையோரை ஆராய்ந்து 1871 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டு, இதனை எளிதிற் சினக்கும் இதயம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டபின் ஓய்வின்றி நடைப்பயணமும் போர்க்கள வேலையும் செய்ததே பலருக்கு இது வரக் காரணம் என அவர் எண்ணினார். அதற்கு முந்திய ஆண்டிலே, ஆர்தர் மயெர்ஸ் என்னும் ஆங்கிலேய இராணுவ வைத்தியர், படைவீரரின் இறுக்கமான சீருடையும் மார்பை நெருக்கும் தோல்வார்களும் முதுகுப் பையுமே இதயத்தைக் கெடுக்கின்றன என்று எழுதியிருந்தார். பட்டியை இறுக்கியதால் வந்த நோய் என்பது அக்காலத்தார்க்கு எளிதிற் புரிந்தது. அச்சத்தால் வந்த நோய் என்று ஒரு போர்வீரனைப் பார்த்துச் சொல்ல அந்நாளில் யார் துணிவர்?

முதலாம் உலகப் போரிலே இந்நோயாளர் தொகை பெருகிவிட்டது. போர்வீரர் இதயம் என்றே இதற்குப் பெயர் வழங்கலாயிற்று. இவர்களுக்கென இங்கிலாந்தில் ஹம்ஸ்ரெட்டிலும் பின்னர் கொல்செஸ்ரரிலும் தனி வைத்தியசாலை அமைத்து ஆராய்ந்தவருள் முதன்மையானவர் தோமஸ் லூயிஸ். அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, பெயரை மாற்றினார். இதயம் என்னும் சொல் நோயின் பெயரில் இருப்பதே நோயாளியை அச்சுறுத்தும் என்று கருதி, முயற்சியால் வெளிப்படும் குறிகளின் தொகுதி என்னும் பொருள்பட வேறு பெயர் இட்டார். இரண்டாவது, இவர்களை மாதக்கணக்காகக் கட்டிலிற் கிடத்திவைத்த பழைய முறையை விட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிச்செல்லும் தேகப்பயிற்சியைக் கொடுத்தார். அதனாற் பலர் மீண்டும் கடமைக்குத் திரும்பினர். ஒரு பெயர் நோயை வளர்க்கும் என்பதையும், அளவுக்கு மிஞ்சிய ஓய்வு நோயைக் காக்கும் என்பதையும் நூறாண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டார். நம்மவர் இன்னும், நெஞ்சு படபடக்கிறது என்பவரை “அசையாமற் படும்” என்றுதான் சொல்லுகின்றனர்.

நீலகிரியைச் சேர்ந்த குன்னூரிலே 1907 ஆம் ஆண்டு பிறந்த போல் வூட் என்பவர் பிற்காலத்தில் இலண்டனிலே பெயர்பெற்ற இதய நிபுணரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 ஆம் ஆண்டு, அவர் இத்தகைய நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினார். இவர்களிடம் காணும் குறிகள், கடும் உழைப்பால் வரும் குறிகளைக் காட்டிலும் அச்சத்தால் வரும் குறிகளையே ஒத்திருக்கின்றன என்பது அவர் கண்ட முடிபு. அந்த வூட் 1962 இலே மாரடைப்பாலேயே இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அச்சத்தால் வரும் நெஞ்சுநோவை அத்துணைத் தெளிவாக விளக்கியவரும் உண்மையான இதய நோய்க்கு விலக்கானவர் அல்லர். இரண்டும் உலகில் உள்ளன. ஒன்று இருப்பதால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

அச்சம் எவ்வாறு நெஞ்சை நோகச்செய்கின்றது? ஆபத்து என்று மூளை கருதியவுடன் அதிரீனலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கின்றது. இதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கின்றது, மூச்சு வேகங்கொள்கின்றது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டவன் ஓடித் தப்புவதற்கு இது நல்ல ஆயத்தம். ஆனால் கதிரையில் இருப்பவனுக்கு ஓடுவதற்கு இடமில்லை. தன் துடிப்பையே அவன் உற்றுக் கேட்கின்றான். “இது மாரடைப்பு” என்று எண்ணுகின்றான். அவ்வெண்ணமே அடுத்த பாம்பு ஆகின்றது. மேலும் அதிரீனலின், மேலும் துடிப்பு, மேலும் அச்சம். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வந்து பத்து நிமிடத்திற்குள் உச்சத்தை அடைகின்றான். இதனை 1986 ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க் என்னும் உளவியலாளர் தெளிவுபடுத்தினார். உடலில் எழும் சாதாரண உணர்ச்சியைப் பேராபத்தின் அடையாளமாகத் தவறாகப் பொருள்கொள்ளுதலே இதன் வேர் என்பது அவர் கூற்று. இரண்டாண்டு கழித்து வேறு சில ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று வியக்கத்தக்கது. இத்தகைய அச்சம் உடையோருக்கு, அவர்களின் இதயத்துடிப்பு என்று சொல்லி, விரைந்து செல்லும் பொய்யான ஒலியைக் கேட்கச்செய்தனர். அதனை உண்மையென நம்பியவர்களுக்கு மெய்யாகவே இதயம் விரைந்தது. பொய் ஒலி மெய்த் துடிப்பாயிற்று.

இடையிடையே ஒரு துடிப்புத் தவறியதுபோலவும், அடுத்தது தொண்டைவரை எழுந்து உதைத்ததுபோலவும் சிலருக்குத் தோன்றும். பெரும்பாலும் அங்கே துடிப்புத் தவறுவதில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகின்றது. அதன்பின் சற்று நீண்ட இடைவெளி உண்டாகின்றது. அவ்விடைவெளியில் இதயம் வழக்கத்தினும் அதிகமாக நிரம்புவதால், அடுத்த துடிப்பு வலிமையாக வீழ்கின்றது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று கொண்டால், இதயம் ஒரு நாளில் ஒரு இலட்சத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட முறை துடிக்கின்றது. அத்தனையிற் சில முந்தி வருதல் நோயற்றவரிடத்தும் சாதாரணம். பகலிலே சந்தை இரைச்சலில் நாம் அதனை அறியோம். இரவிலே இடப்பக்கம் சரிந்து, காதைத் தலையணையில் வைத்துப் படுத்தவனுக்கு அது முரசுபோலக் கேட்கின்றது. கடுந்தேநீர், கோப்பி, புகையிலை, வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில மருந்துகள் ஆகியனவும் இதயத்தை முடுக்கக்கூடியவை. வைத்தியர் கேட்குமுன் இவற்றை நாமே சொல்லிவிடுதல் நன்று.

நோவுக்கும் இதயமல்லாத வேறு பிறப்பிடங்கள் உண்டு. வயிற்றுப் புளிப்பு உணவுக்குழாயில் மேலெழுந்தால் நெஞ்சு எரியும். அக்குழாயின் நரம்புகளும் இதயத்தின் நரம்புகளும் ஏறத்தாழ ஒரே வழியாக மூளைக்குச் செல்வதால், எங்கிருந்து செய்தி வந்தது என்பதை மூளையாற் பிரித்தறிய முடிவதில்லை. விலா எலும்பு மார்பெலும்போடு பொருந்தும் இடத்தில் வீக்கம் காணலாம். கவலையால் நாள்முழுதும் இறுகிக் கிடக்கும் மார்புத்தசை, பாரம் தூக்கிய தோள்போலவே நோகும். இவை யாவும் உண்மையான நோவுகள், ஒன்றேனும் கற்பனையன்று.

இவ்வச்சம் பீடித்தவர் செய்யும் காரியங்களைப் பாருங்கள். மணிக்கட்டிலே விரலை வைத்து நாடியை எண்ணுவர். கொவிட் தொற்றுக் காலத்தில் வாங்கிய, விரல்நுனியில் மாட்டும் சிறு கருவியை இன்றும் தலையணையின் கீழ் வைத்திருப்பர். கைக்கடிகாரமே துடிப்பை எண்ணிக் காட்டும் காலம் இது. கைத்தொலைபேசியிலே நோய்க்குறியை எழுதித் தேடினால், இருமலிலிருந்து இறப்புவரை யாவும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். நோர்மன் ஹோல்ரர் என்னும் அமெரிக்கர், நடமாடும் மனிதனின் இதய மின்னோட்டத்தைப் பதியும் கருவியை முதலில் ஆக்கியபோது, அது ஏறக்குறைய முப்பத்தெட்டுக் கிலோகிராம் எடையுள்ள முதுகுச்சுமையாக இருந்தது. இன்று வைத்தியர் தேவைகண்டு ஒருநாள் மாட்டிவிடும் அக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். அது வைத்தியரின் கேள்வி ஒன்றுக்கு விடை தருகின்றது. நாமே ஐந்து நிமிடத்துக்கொருமுறை எண்ணும் எண்ணோ எக்கேள்விக்கும் விடை தருவதில்லை. எண்பது என்றால் “ஏன் எழுபதாக இல்லை?” என்றும், எழுபது என்றால் “இனி நின்றுவிடுமோ?” என்றும் கேட்கச்செய்கின்றது.

ஆறுதல் தேடுதலும் அத்தகையதே. “எனக்கு ஒன்றுமில்லைத்தானே?” என்று மனைவியைக் கேட்பர், அவர் இல்லை என்பார், அரைமணி நேரம் அமைதி, பின்னர் அதே கேள்வி. இவ்வாறு திரும்பத் திரும்பப் பெறும் ஆறுதல் அச்சத்தைத் தணிப்பதுபோலத் தோன்றி அதனை வளர்க்கின்றது என்பதை 1980களிலே ஹிலரி வார்விக், போல் சல்கோவ்ஸ்கிஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். உப்புநீர் குடித்துத் தாகம் தணிக்க முயல்வது போன்ற செயல் அது. நிபுணர் மாற்றி நிபுணரைக் காண்பதும் இவ்வகையினதே. அதற்குச் செலவு வேறு. ஒரு பொலித்தீன் பை நிறைய அறிக்கைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையின் பிரத்தியேக வகுப்புப் பணத்தை எடுத்துச் செலவழித்த பெற்றோரை நான் அறிவேன்.

என்னோடு பணிபுரிந்த கணித ஆசிரியர் ஒருவரைப் பற்றி, அவருடைய இசைவோடு, இங்குச் சொல்லுகின்றேன். நாற்பத்திரண்டு வயது, மெலிந்த தேகம், நாள்தோறும் ஆறு மைல் மிதிவண்டியில் வந்து போனவர். அவருடைய தமையனார் ஒருநாட் காலை வயலிலே விழுந்து மாரடைப்பால் இறந்தார். அந்தியேட்டி முடிந்து கடமைக்குத் திரும்பியவர் பழைய மனிதராக இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல்கள் வலக்கை மணிக்கட்டைத் தேடும். மிதிவண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்தார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு முறை போய்வந்தார். ஈ. சீ. ஜீ., எக்கோ, நடைப்பொறியில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை யாவும் செம்மையாகவே இருந்தன. ஒருநாள் என் அறைக்கு வந்து, “சேர், மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தருவீர்களா? படியேற முடியவில்லை” என்றார்.

நேரசூசியை மாற்றுதல் அரைமணி நேர வேலை. மாற்றிக் கொடுத்தால் நல்ல அதிபர் என்ற பெயரும் கிடைக்கும். ஆயினும் அவரைப் பார்த்துவந்த அரசாங்க வைத்தியரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றேன்; அவரும் சம்மதித்தார். இருவருமாகச் சென்றோம். அவ்வைத்தியர் இளைஞர். அறிக்கைகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, எது எதைக் காட்டுகின்றது என்று அவருக்கு விளங்கும்படி சொன்னார். பின்னர், “மாஸ்ரர், படி உங்களுக்குப் பகையன்று. மருந்துத் துண்டிலே எழுதக்கூடுமானால் அந்தப் படிகளைத்தான் எழுதுவேன். கீழ்மாடிக்கு மாறினால் உங்கள் இதயம் பலவீனமானது என்று நீங்களே கையொப்பமிட்டதாகும்” என்றார். “நோவு வந்தால்?” என்று ஆசிரியர் கேட்டார். “வரும். வந்தால் வந்தபடி ஏறுங்கள். இதுவரை கண்ட நோவினும் வேறுபட்ட நோவாயின், நின்று எங்களிடம் வாருங்கள்” என்பது விடை. அந்த விடையிலே “ஒன்றுமில்லை” என்னும் சொல் இல்லாதிருந்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் முதல் அவருக்கு மேல்மாடி வகுப்புள்ள பாடவேளைகளில் நானும் கூட ஏறினேன். இருபத்திரண்டு படிகள். முதல்நாள் நடுவிலே நின்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார், முகம் வியர்த்திருந்தது. அவருடைய வகுப்பின் அரையாண்டுப் புள்ளிகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பிற் பின்னத்தை விளங்காதவர் எத்தனை பேர் என்று கேட்டேன். கோபத்தோடு பதில் சொன்னார். பதில் முடிந்தபோது மேலே நின்றோம். மூன்றாம் வாரத்தில், “சேர், உங்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது, நீங்கள் கீழே இருங்கள்” என்றார். அவர் கூறியது மெய். ஆறு மாதமளவில் மிதிவண்டி திரும்பிவந்தது. நெஞ்சுநோவு முற்றாக நீங்கியதோ எனின், இல்லை. தமையனாரின் திவசம் நெருங்கும் நாட்களில் இன்றும் குத்துகின்றது என்பார். குத்தியபடியே வகுப்புக்குப் போகின்றார்.

இவ்வழியை உலகத்தார்க்கு எளிய நடையில் எழுதிக் காட்டியவர் அவுஸ்திரேலியப் பெண் வைத்தியராகிய கிளெயர் வீக்ஸ். 1903 ஆம் ஆண்டு சிட்னியிலே பிறந்தவர். முதலில் விலங்கியல் அறிஞர். பல்லியினத்தை ஆராய்ந்து சிட்னிப் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர். இளவயதிலே அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கருதி, மாதக்கணக்காக ஒரு சானற்றோரியத்தில் இருத்தினர். காசநோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது, இதயம் ஓயாது படபடக்கும் பழக்கம் பற்றிக்கொண்டது. முதலாம் உலகப் போரிலே இருந்து மீண்ட நண்பர் ஒருவர், போர்முனையில் வீரர்களுக்கும் அச்சத்தால் இப்படித்தான் துடிக்கும் என்று அவருக்கு விளக்கினார். அவ்விளக்கமே அவருக்கு மருந்தாயிற்று. பின்னர் தாமும் வைத்தியம் கற்று, 1962 இலே நரம்புத் துன்பமுடையோர் தமக்குத் தாமே உதவுதல் பற்றி ஒரு நூல் எழுதினார். எதிர்நோக்குக, ஏற்றுக்கொள்க, மிதந்து செல்க, காலத்துக்கு இடங்கொடுக்க என்னும் நான்கே அதன் சாரம். மிதந்து செல்லுதல் என்பது எனக்குப் பிடித்த சொல். கடலிற் குளித்தவர் அறிவர்: அலையோடு மல்லுக்கட்டுபவன் நீர் குடிப்பான், உடலைத் தளர்த்தி விடுபவனை அலையே தூக்கி அப்பால் விடும். டா கொஸ்ராவின் போர்வீரரிடமிருந்து, அறிமுகமில்லாத மற்றொரு போர்வீரர் வாயிலாக, ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் இந்த அறிவு சேர்ந்த விதம், வரலாறு கற்றவன் என்ற முறையில் எனக்கு இன்பந் தருகின்றது.

மூச்சைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகின்றேன். ஒரு முறை உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் மாணவி ஒருத்தி, வினாத்தாள் கொடுத்த சற்று நேரத்தில், மூச்சு வரவில்லை என்று கைகளைப் பிசைந்தாள். உதடும் விரல்களும் விறைத்தன, விரல்கள் கோணிக்கொண்டன. வலிப்பு என்றும், தெய்வம் என்றும் சூழநின்றவர் கூறினர். உண்மையில் அவள் மூச்சுக் குறைந்தவள் அல்லள், மூச்சு மிகுந்தவள். அளவுக்கு மிஞ்சி வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறிவிடுகின்றது. அதனாலேயே விறைப்பும் தலைச்சுற்றும் நெஞ்சிறுக்கமும் உண்டாகின்றன. சூழ்ந்தவரை விலக்கி, அவளை இருத்தி, மூக்கால் மெல்ல உள்ளிழுத்து அதனினும் மெல்ல வெளிவிடும்படி, உடனிருந்த ஆசிரியை தாமும் செய்து காட்டினார். பத்து நிமிடத்தில் எழுதத் தொடங்கினாள். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறையை இன்று வைத்தியர் விரும்புவதில்லை. உண்மையான இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கு அது தீங்காகலாம்.

இத்துன்பம் நெடுநாள் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் கெடுத்தால், அதற்குச் சிகிச்சை உண்டு. அறிகை நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறையிலே, மேற்கூறிய செக்குச் சுற்றை நோயாளியோடு சேர்ந்து ஆராய்ந்து, படிப்படியாக அதனைத் தளர்த்துகின்றனர். மருந்துகளும் உள, அவை வைத்தியர் அறிவுரைப்படி உண்ணத்தக்கவை. அயலவர் கொடுத்த நித்திரைக் குளிசையை விழுங்குவதால் வேறொரு அடிமைத்தனமே வந்துசேரும். ஆனால் மனநல வைத்தியரிடம் செல்லுக என்றவுடன் நம்மவரின் முகம் மாறுகின்றது. “எனக்கு விசரா?” என்று கேட்பர்; பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு என்று தயங்குவர். போரிலும், 2004 ஆம் ஆண்டின் கடற்கோளிலும் நெருங்கியவரை இழந்தோர் இத்துணைப் பேர் வாழும் நாட்டிலே, பெருமூச்சும் நெஞ்சடைப்பும் படபடப்பும் பலரிடத்துக் காணப்படுதல் வியப்பன்று. அழமுடியாத துயரம் உடம்பின் வழியாகப் பேசுகின்றது. அதைக் கேட்பதற்குக் கற்றவரிடம் செல்லுதல் நாணத்தக்கதாயின், பல்நோவுக்குப் பல்வைத்தியரிடம் செல்லுதலும் நாணத்தக்கதே.

கடைசியாக, நள்ளிரவிலே எழுப்பப்படும் மனைவியருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “திரும்பவும் தொடங்கிவிட்டீர்களா?” என்று சினத்தல் எளிது, ஐந்தாம் முறை எழுப்பப்பட்டவர் சினத்தல் இயல்புந்தான். “ஐயையோ!” என்று கூடச் சேர்ந்து பதறுதல் அதனினும் எளிது. இரண்டும் உதவா. முன்னர் வைத்தியர் விளக்கிய அதே நோவுதானா, வேறு வகையினதா என்று ஒருமுறை கேளுங்கள். வேறு வகையினதாயின், ஐயமாயினும், 1990 ஐ அழையுங்கள். அதே நோவாயின் நாடியைப் பிடித்துப் பார்க்கவேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். முற்றத்திலே சிறிது உலாவுங்கள். நாளை செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றிப் பேசுங்கள். அடுத்த நாட் பகலிலே, மனந் தெளிந்திருக்கும் வேளையில், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதைப் பற்றி மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். நேரிற் செல்லக் கூசுவோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்து முதலிற் பேசிப் பார்க்கலாம்.